இராக்கம்மாவின் மூக்கு இருந்த இடம்

"என் மூஞ்சிய ஊரு முன்னால தொங்க விடணும்னா, மொதல்ல அது என் மூஞ்சியா இருக்கணும்," என்று கூறிவிட்டு, இராக்கம்மா ரொட்டிக்கு மாப் பிசையத் தொடங்கினாள்.

வீரய்யா கையிலிருந்த படத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் தை மாதம். தெமோதரைக்கு அண்மையிலிருந்த தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை பதனிடுதலை மேற்பார்க்கும் டீமேக்கருக்கு உதவியாளராகப் பணியாற்றிய அவர், பதினாறு ஆண்டு இல்லறத்தில் முதன்முறையாகத் தம் மனைவியின் முகத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார். சித்திரை இறுதியில் பதுளையில் ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெறவிருந்தது. ஆளுக்கொரு படம் ஏற்கப்படும் என்று அறிவித்திருந்தார்கள்.

"இது ஒன் மூஞ்சி இல்லாம வேற யாரு மூஞ்சி?"

"மயில வரஞ்சப்பவும் இப்படித்தான் கேட்டீங்க."

பத்து ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டத்துக் கோயில் திருவிழாப் பதாகையில் அவர் ஒரு மயிலை வரைந்திருந்தார். அதைக் கண்டவர்கள் "வான்கோழி பிரமாதம்" என்றார்கள். அன்று தொட்டு, பெண்கள் நீர் பிடிக்கக் கூடும் தண்ணீர்ப் பீலியடியில் இராக்கம்மாவுக்கு 'வான்கோழி வீட்டுக்காரி' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. இம்முறை தொங்கப்போவது மயிலுமன்று, வான்கோழியுமன்று, அவளுடைய முகம்.

"வரையத் தெரிஞ்ச நாலு பேருகிட்ட காட்டுங்க. அவங்க பாத்து நல்லா இருக்குனு சொன்னா நானும் சரிங்கிறேன்," என்று அவள் தீர்ப்பளித்தாள்.

தோட்டத்தில் வரையத் தெரிந்தவர் வீரய்யா ஒருவரே. ஆகையால் அவர் சனிக்கிழமை பேருந்தேறிப் பதுளைக்குச் சென்றார்.

பதுளைக் கடைத்தெருவில், துணிக்கடையொன்றின் மாடியில், மர்ஸூக் என்பவர் மூன்று கணினிகளுடன் ஓர் இணையக் கடை நடத்திவந்தார். அக்காலத்தில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வரும். வருவதற்கு முன் கீச்சிடும், இருமும், நெடுநேரம் சீறும். அந்த ஓசையை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. வீரய்யாவுக்கோ அது நாதஸ்வரத்தினும் இனிதாக ஒலித்தது. ஏனெனில், அச்சீற்றத்துக்கு அப்பால் 'பென்சில் கூட்டாளிகள்' இருந்தார்கள்.

அது கற்றுக்குட்டி ஓவியர்களின் இணையத்தளம். கனடாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் இருவர், இலங்கையில் சிலர். அவர்களுள் 'வைகறை' என்ற புனைபெயருடையவர் மட்டும் தம் ஊர் 'ஊவா' என்று, அதாவது வீரய்யாவின் மாகாணத்தையே, குறித்திருந்தார். வீரய்யாவின் புனைபெயர் 'பனிமலைப் பென்சில்'. முகப்பில் ஒரே ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: கருத்துக் கூறுவோர் எவர் மனமும் நோகாதவாறு கூறுதல் வேண்டும்.

வீரய்யாவுக்குத் தட்டச்சு வராது. அவர் சொல்லச் சொல்ல மர்ஸூக்கின் மனைவி ஜெஸீமா தட்டச்சுச் செய்வாள். மறுவாரம் வந்திருக்கும் கருத்துகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பாள். அத்தாளை அவர் வீட்டுக்குக் கொண்டு சென்று நான்கு தடவை வாசிப்பார்.

"அண்ணே, இவ்வளவு பெரிசா ஸ்கேன் பண்ணணுமா? ஏறவே ஒரு மணித்தியாலம் போகுமே," என்றார் மர்ஸூக்.

"ஒரு கோடு கூட கொறையக் கூடாதுங்க. அவ மூஞ்சில ஒவ்வொரு கோடும் முக்கியம்."

"அத அக்காகிட்ட சொல்லிராதீங்க," என்றாள் ஜெஸீமா. "சரி, என்ன எழுத?"

"'என் மனைவி. தயவுசெய்து குறைகளைக் கூறவும்'னு போடுங்க."

மறுவாரம் ஏழு கருத்துகள் வந்திருந்தன. 'அருமை.' 'அபாரம்.' 'சகோதரியின் முகத்தில் என்ன சாந்தம்!' வைகறை எழுதியிருந்தார்: 'குறை தேடினேன். காணவில்லை.'

வேறொருவராயின் துள்ளிக் குதித்திருப்பார். வீரய்யாவின் முகமோ வாடியது. அதற்குக் காரணம் அவருடைய தொழில். தொழிற்சாலையில் தேநீர்ச் சுவை பார்க்கும்போது கோப்பைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் கரண்டியால் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பிவிட்டுக் குறையை மட்டுமே சொல்வார்கள். 'கருகல்.' 'புகை.' 'சப்பு.' குறையில்லாத கோப்பைக்குக் கிடைக்கும் உயர்ந்த மரியாதை, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கோப்பைக்கு நகர்வதே. பதினெட்டு ஆண்டுகளாக அவ்வரிசையில் நின்ற மனிதரால் ஏழு பாராட்டுகளை எவ்வாறு விழுங்க முடியும்?

"ஏழு பேருல ஒருத்தனுக்குக் கூடவா கொற தெரியல?" என்று வீட்டில் புலம்பினார்.

"நல்லா இருக்குனுதானே சொல்லியிருக்காங்க. அப்புறம் என்னவாம்?" என்றாள் இராக்கம்மா. அவள் அத்தாளை வாங்கி, 'என்ன சாந்தம்' என்ற வரியின்மேல் விரலை ஓட்டினாள். பின்னர் தேநீர்க் குவளையை ஓசைப்படாமல் அவர் அருகே வைத்துவிட்டுச் சென்றாள். பதினாறு ஆண்டுகளில் அவள் குவளையை ஓசைப்படாமல் வைத்தது அதுவே முதல் தடவை.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூட்டாளிகள் மெய்யாகவே குறை சொல்லத் தெரிந்தவர்கள்தாமா என்று சோதித்தறிய வீரய்யா விழைந்தார். அன்றிரவே அழிப்பானை எடுத்து, இராக்கம்மாவின் இடப்புருவத்தை அரை அங்குலம் மேலேற்றினார். புதிய தாளில் வரைந்திருக்கலாமே என்று கேட்பது எளிது. அத்தகைய தடித்த தாள் பண்டாரவளையில் ஒரு கடையில் மட்டுமே விற்கும். அவரிடம் இருந்ததோ அந்த ஒன்றே.

'இடப்புருவத்தைச் சற்றே உயர்த்தியுள்ளேன். குறை கூறவும்' என்று ஜெஸீமா தட்டினாள்.

'உயர்ந்த புருவம் படத்தையே உயர்த்திவிட்டது' என்றார் சிங்கப்பூர்க்காரர்.

மறுவாரம் வீரய்யா மூக்கை வலக்கன்னத்தை நோக்கி நகர்த்தினார்.

"அண்ணே, அக்காவுக்கு மூக்குல ஏதாச்சும் அடிபட்டிச்சா?" என்று ஜெஸீமா கலவரத்துடன் வினவினாள்.

"இல்லம்மா. வேணும்னுதான் செஞ்சேன். 'மூக்கை நகர்த்தியுள்ளேன்'னு போடுங்க. யாராச்சும் திட்டுறாங்களான்னு பாப்போம்."

"திட்டு வாங்கிறதுக்கா பஸ் ஏறி வாறீங்க? அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே!"

ஒருவரும் திட்டவில்லை. 'மூக்கு இத்தனை நாள் இருந்த இடம்தான் பிழை என்று இப்போது தோன்றுகிறது' என்று வைகறை எழுதியிருந்தார்.

அவ்வரியை வாசித்த வீரய்யா, அடுப்படியில் நின்ற மனைவியின் மூக்கை ஐயத்தோடு உற்று நோக்கினார்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல புள்ள. அது எப்பவுமே நடுவுலதான் இருந்திச்சா?"

இராக்கம்மா அகப்பையை ஓங்கியதால் அந்த ஆராய்ச்சி அவ்வளவில் நின்றது.

பங்குனியில் அவர் துணிவின் எல்லைக்கே சென்றார். மெல்லிய மீசையொன்றை வரைந்து, 'மனைவிக்கு மீசை சேர்த்துள்ளேன். இதற்குமா குறை இல்லை?' என்று கெஞ்சாக் குறையாக எழுதுவித்தார். கனடாவிலிருந்து மறுமொழி வந்தது: 'மலையகப் பெண்ணின் வீரத்தை இதனினும் சிறப்பாக எவர் காட்டுவார்? கண் கலங்கிவிட்டேன்.'

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருந்தபோது சோதனை போதுமென்று முடிவுசெய்து, அவர் படத்தைப் பழையபடி திருத்த அமர்ந்தார். மீசை அழிந்தது, ஆனால் மேலுதட்டில் கரிய நிழலொன்று தங்கிவிட்டது. மூக்கைப் பழைய இடத்துக்கு அழைத்து வர முயன்றபோது அழிப்பான் தாளைத் தேய்த்துத் தேய்த்து, நடுவில் கடலையளவு துளையே விழுந்துவிட்டது. துளையை மறைக்கப் பின்புறம் காகிதம் ஒட்டினார். பசை ஊறிக் கன்னம் வீங்கியது. வீக்கத்தைச் சமன்செய்ய மறு கன்னத்தையும் வீங்கச் செய்தார். விடியும்போது தாளில் இருந்தவள் எவளென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அவர் அரைநாள் விடுப்புப் பெற்றுப் பதுளைக்கு ஓடினார்.

"மர்ஸூக் தம்பி, மொத மொத ஸ்கேன் பண்ணுனோமே, அந்தப் படம் ஒங்க மெசினுல இருக்கா?"

"அத மறுநாளே அழிச்சிட்டேனே அண்ணே. நீங்க ஏத்துற சைசுக்கு ரெண்டு படம் வச்சா மெசினு மூச்சே விடாது."

"கூட்டாளிங்க பக்கத்துல இருக்குமே, அதுலேர்ந்து எடுங்களேன்."

மர்ஸூக் அப்பக்கத்தைத் திறந்தார். கருத்துகள் முதலில் வந்தன. படத்துக்காக மூவரும் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பின்னர் மின்சாரம் போயிற்று. மாலைவரை வரவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் வீரய்யா மூன்று மாதக் கருத்துத் தாள்களையும் மடியில் விரித்துக்கொண்டார். 'வீரம்.' 'துணிவு.' 'மரபை உடைத்த மூக்கு.' ஹாலிஎலையைக் கடக்கையில் அவர் மனத்தில் ஓர் ஐயம் முளைத்தது. தெமோதரையில் இறங்குகையில் அது உறுதியாகவே மாறிவிட்டது. தாம் தேயிலை அறிந்தவர். அவர்களோ ஓவியம் அறிந்தவர்கள். நான்கு நாடுகளில் வாழும் ஏழு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே குரலில் தவறாகச் சொல்வார்களா? தமக்குப் புலப்படாத ஏதோவொன்று அவர்களுக்குப் புலப்பட்டிருக்கிறது. படம் கெடவில்லை, வளர்ந்திருக்கிறது!

மீசை இருந்த இடத்தில் மீண்டும் அழுத்தமாக வரைந்து, படத்தைச் சட்டமிட்டு அனுப்பிவைத்தார்.

கண்காட்சி நாளன்று இராக்கம்மா கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, தலை நிறையக் கனகாம்பரம் சூடி வந்திருந்தாள். தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் அவளுடன் பேருந்தேறி வந்திருந்தார்கள். இறுதிப் படத்தை அவள் இன்னும் கண்டிருக்கவில்லை. மண்டபத்தின் மூலையில், 'என் மனைவி' என்று எழுதிய அட்டைக்கு மேலே அது தொங்கியது.

இராக்கம்மா பார்த்தாள். பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாருங்க?" என்றாள் இராக்கம்மா, மிகவும் தாழ்ந்த குரலில்.

வீரய்யா கைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். சிங்கப்பூர் புருவத்தைப் பற்றிச் சொன்னது. கனடா கண் கலங்கியது. சென்னை இருவரும் சொன்னவை.

"இத்தன பேரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க புள்ள."

"யாரும் சிரிக்கலையா?"

"ஒருத்தரும் சிரிக்கல. சத்தியமா."

அவள் அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். பின்னர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, படத்தின் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றாள்.

"கனடாவுல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல, அவ்வளவுதான். என்னாடி இளிக்கிறீங்க? நல்லாப் பாருங்க, வீரம் தெரியும்," என்று பெண்களை அதட்டினாள். பெண்களும் கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, வீரத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

வீரய்யா இமைக்காமல் பார்த்தார். அந்தப் படத்தை அல்ல. அதன் அருகே அவள் நின்ற நிலையை.

அவ்வேளையில், கண்ணாடி அணிந்த நடுத்தர வயதினர் ஒருவர் அட்டைகளை வாசித்தவாறே வந்து, அவரருகே நின்றார்.

"நீங்கள்தானே பனிமலைப் பென்சில்? நான் இரகுநாதன். பண்டாரவளையில வங்கியில வேலை. வைகறை எண்டு எழுதுறது நான்தான்."

"ஐயா, நீங்களா!" வீரய்யா அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "ராக்கு, இவருதான் வைகறை! மூக்கப் பத்தி எழுதுனாருல்ல, அவரு!"

இராக்கம்மா மலர்ந்த முகத்துடன் கும்பிட்டாள்.

"வாங்கய்யா. நல்ல நேரத்துல வந்தீங்க. இவளுகளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. கம்பியூட்டர்ல பாத்ததவிட நேர்ல எப்படி இருக்கு?"

இரகுநாதன் படத்தை நோக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அணிந்து மீண்டும் நோக்கினார். பிறகு அவளுடைய முகத்தை நோக்கினார். மறுபடியும் படத்தை நோக்கினார். பத்துப் பெண்களும் அவர் வாயையே பார்த்திருந்தார்கள்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி," என்றார் அவர். "இந்த மனுசன் இவ்வளவு ஆசையா எழுதுறார், படம் ஒருநாளும் எங்கட கம்பியூட்டரில இறங்கேல்லை எண்டு சொல்ல எங்களில ஒருத்தருக்கும் மனம் வரேல்லை, மூண்டு மாசமா நாங்கள் எல்லாரும் பாராட்டினது படத்துக்குப் பதிலா வந்த ஒரு வெள்ளைப் பெட்டியையும் அதுக்குள்ள X எண்டு கிடந்த சிவப்புப் புள்ளடியையும்தான்."