காலரில் ஒரு ‘பொ’

ஒரு தீக்குச்சியைப் பிளேடால் நான்காகப் பிளந்து, நான்கையும் எரியவைத்துக் காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு மாடியில், எனக்கு அடுத்த பாயில் படுத்திருந்தார். ஐந்தாகவும் பிளந்திருப்பார், பிளேடு ஒத்துழைக்கவில்லை. அதில் அன்று காலை ஏழு பேர் சவரம் செய்திருந்தோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த மாடியில் நாங்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் கட்டைப் பிரம்மச்சாரிகள். நான் பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்கள் தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ் என்று ஆளுக்கொரு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா, எங்களில் மூத்தவர், கல்யாண வயதைத் தாண்டியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்களுக்கு அவர் பொதுசாமி.

நான் டிரங்குப் பெட்டியோடு மாடியேறிய முதல் நாளே பெயர்க் காரணம் விளங்கிவிட்டது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். சுங்கச் சாவடி அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“வாத்தியாரே, இந்தக் கண்ணாடியில ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் மூஞ்சி பாப்பீங்க?”

“அஞ்சு நிமிஷம் பாப்பேன்.”

“அப்ப மீதி நேரமெல்லாம் சும்மாதானே கெடக்குது? பாவம், பொது!”

சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போடுவார்களே, சேராங்கொட்டை மசி, அது ஒரு சின்னக் குப்பியில் எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். அதை எடுத்துக் கண்ணாடியின் பின்னால் ‘பொ’ என்று ஒரு எழுத்துப் போட்டார். பகலெல்லாம் பார்சலுக்குக் குறி போடுகிற கை. குறி இல்லாத பொருளைக் கண்டால் அதற்குத் தூக்கம் வராது. சாயங்காலத்துக்குள் என் லாந்தர், சொம்பு, தலையணை உறை எல்லாம் பொதுவாகிவிட்டன. என் பனியனும் சர்ட்டிபிகேட்டும்தான் தப்பின. பெட்டியின் பூட்டைப் பார்த்து, “இதுக்கு இனிமே இங்க உத்தியோகம் இல்ல” என்று சொல்லி, ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக வைத்துவிட்டார்.

மாடிக்கு ஒரே செய்தித்தாள். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார். முதல் பக்கத்துக் கொலைச் செய்தி, ‘தொடர்ச்சி ஐந்தாம் பக்கம்’ என்று நின்றுபோகும். ஐந்தாம் பக்கம் குளியலறையில் இருக்கும். “கொன்னது யாருப்பா?” என்று இங்கிருந்து கத்தினால், “மச்சான்தான்!” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

சோப்புத் துண்டுகளைக் கரைய விடமாட்டார். எல்லாருடைய மிச்சத்தையும் சேர்த்து அழுத்தி, ஏழெட்டு நிறத்தில் ஒரு புது சோப்புச் செய்வார். அதைப் போட்டுக் குளித்தவன் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர் மல்லிகையா, வேப்பெண்ணெயா என்று தீர்மானிக்க முடியாமல் திரும்பிப் பார்ப்பார்.

அஞ்சலட்டைத் திட்டம் மட்டும் கொஞ்சம் வில்லங்கமாகிவிட்டது. எங்களில் ஆறுமுகமும் ஏழுமலையும் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரே தெருக்காரர்கள். “ஒரே தெருவுக்கு எதுக்கு ரெண்டு கார்டு?” என்று கேட்டு, மேல் பாதி ஆறுமுகத்துக்கு, கீழ் பாதி ஏழுமலைக்கு என்று கோடு போட்டுக் கொடுத்தார். வழியில் மழையில் நனைந்து கோடு அழிந்துவிட்டது. ஆறுமுகத்தின் அப்பா மொத்தத்தையும் தம் பிள்ளை எழுதியதாகவே படித்தார். “பெரியம்மாவை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். இனிமேல் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தின்கிற தீனிக்குக் கட்டாது. அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடவும்.” பின்பாதி ஏழுமலை தன் வீட்டுக் கிழட்டு எருமையைப் பற்றி எழுதியது. பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனிதரின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நாங்கள் சோறு வடித்த கஞ்சியில் பாதி சட்டைகளுக்குப் போகும். மீதி, கீழ் வீட்டு அம்மாளின் ஆட்டுக்கு. ஆட்டுப்பால் எங்கள் காப்பிக்கு. நாங்கள் கொறித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அதன் தோல் எதிர் டீக்கடை அடுப்புக்கு. டீக்கடை வெந்நீர் எங்கள் சவரத்துக்கு. எங்கள் மாடியில் குப்பைக்கூடை கிடையாது. ஒன்று இருந்தது, அதிலும் ‘பொ’ போட்டுக் காய்கறி வாங்க எடுத்துப் போய்விட்டார். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது தெருவில் பல அடுப்புகள் ஒரு வேளையோடு நின்றன. எங்கள் மாடியில் கேப்பைக் கூழாவது இரண்டு வேளையும் இருந்தது, கீழ் வீட்டு அம்மாளுக்கும் சேர்த்து. எங்கிருந்து கொண்டுவந்தார், எதற்கு மாற்றாகக் கொண்டுவந்தார் என்று கேட்டால், “குடிங்க வாத்தியாரே, ஆறிடப் போவுது” என்பார்.

இந்த மாடியின் மணிமகுடம் ஒரு டெரிலின் சட்டை. வெண்ணெய் நிறம். பொதுசாமிக்கு அவருடைய தாய்மாமன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்காமல் காலரின் உள்பக்கம் ‘பொ’ போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். மூன்று காரியத்துக்கு மட்டும்தான் அதை எடுக்கலாம். போட்டோ, இன்டர்வியூ, பெண் பார்ப்பது. பன்னிரண்டு பேரில் ஒல்லி உண்டு, தடியன் உண்டு. எல்லார் உடம்புக்கும் அது எப்படியோ ஒத்துப்போனது.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொன்னார். அதற்குமுன் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மாவுக்கு என் கல்யாணக் கவலையிலேயே பாதி முடி நரைத்துவிட்டது. டெரிலினை மாட்டிக்கொண்டு போனேன். பெண் பெயர் சரோஜா. அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். காப்பி கொண்டுவந்த சரோஜா, என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் சத்தமில்லாமல் வைத்தாள். யாருக்கும் தெரியாமல் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அந்த ஒரு காரியத்திலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

மறுவாரம் தரகர் வந்தார். முகமே சரியில்லை.

“வாத்தியாரே, அந்த எடம் வாணாம்னுட்டாங்க.”

“ஏன்? இன்னா கொறைச்சலாம்?”

“நீங்க ஜெயில்ல இருந்தீங்களாமே?”

நான் விழுந்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் அவர் விளக்கினார். “ஆறு மாசத்துக்கு முன்னாடி தாலுகா ஆபீஸ்காரரு ஒருத்தரு இதே சட்டையில வந்து பாத்துட்டுப் போனாராம். குனிஞ்சி கேசரி சாப்புட்டப்ப காலர்ல ‘பொ’ன்னு இருந்திச்சாம். இப்ப நீங்க குனிஞ்சப்பவும் அதே ‘பொ’. பின்னாடி தண்ணிச் சொம்போட நின்னுக்கினு இருந்த பொண்ணோட சித்தி ரெண்டு தபாவும் பாத்துட்டாங்க. ஒரே உடுப்பு, ஒரே குறின்னா ஒரே எடத்துலேருந்துதான் வுட்டிருக்காங்கன்னு சொல்லிட்டாங்க.”

“ஜெயில்ல டெரிலின் சட்டையா குடுக்குறாங்க?”

“நானும் கேட்டேன். காலம் மாறிப்போச்சு, இப்பல்லாம் குடுக்குறாங்கன்றாங்க.”

மூலையில் படுத்திருந்த தாலுகா ஆபீஸ் கோவிந்தன் போர்வையை மெதுவாக முகத்துக்கு மேல் இழுத்தான். போட்டோ எடுக்கப் போவதாகச் சொல்லித்தான் அன்று சட்டையை எடுத்துப் போனான். ஜாதகம் பொருந்தவில்லையாம், வெட்கப்பட்டுக்கொண்டு மூச்சே விடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கோவிந்தனோடு நிற்கவில்லை. டியூட்டி முடிந்து பொதுசாமி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, உங்க பொதுவும் நீங்களும்! மனுசனுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருக்கக் கூடாதா? உங்களாலதான் என் வாழ்க்கையே பாழாப் போச்சு. உங்களுக்கு எங்க தெரியப் போவுது, ஒத்தைக் கட்டைக்கு?”

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.  அவர் ஆணியில் தொங்கிய டெரிலினின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

“தப்பு என்னுதுதான் வாத்தியாரே. அந்த ‘பொ’வைக் கொஞ்சம் சின்னதாப் போட்டிருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை உலுக்கி எழுப்பினார். பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு பிதுங்கிக்கொண்டு நின்றது. “ஜல்தியாக் கெளம்புங்க. டெரிலின் வாணாம். உங்க சொந்தச் சட்டையப் போட்டுக்குங்க.” என் சொந்தச் சட்டையில் காலர் நைந்து நார் நாராகத் தொங்கியது. அதோடு ஒரு வாளியையும் என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் சாக்கையும் வாளியையும் பார்த்தார். “இன்னா சார், வூடு காலி பண்ணிக்கினு போறீங்களா?”

“இல்லீங்க. பொண்ணு கேக்கப் போய்க்கினு இருக்கோம்” என்றார் பொதுசாமி. கண்டக்டர் திண்டிவனம் வரைக்கும் எங்கள் பக்கம் வரவே இல்லை.

மண்டிக்காரர் வாசலிலேயே எங்களை மறித்தார். பொதுசாமி ஒரு கும்பிடு போட்டு, சாக்கைக் கூடத்தில் கவிழ்த்தார். இஸ்திரிப் பெட்டி, குடை, கரண்டி, அரிவாள்மனை, அலாரம் கடிகாரம், என் முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் உருண்டன. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். எல்லாவற்றின் அடியிலும் ‘பொ’. கடைசியில் தினசரி காலண்டரை விரித்தார். அதிலும் ‘பொ’.

“காலண்டர்லயுமா?” என்றார் மண்டிக்காரர்.

“பன்னெண்டு பேருக்கும் ஒரே தேதிதானுங்களே?”

மண்டிக்காரர் என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தாமே நாற்காலியை இழுத்துப் போட்டார். பொதுசாமி உட்காரவில்லை. நின்றபடியே கண்ணாடியில் ஆரம்பித்துக் கஞ்சி, ஆடு, டீக்கடை வெந்நீர் வரை ஒன்று விடாமல் சொன்னார். சட்டை யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. மண்டிக்காரருக்கு மல்லாட்டைத் தோல் விஷயம் ரொம்பவும் பிடித்துப்போயிற்று. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் சித்தி அசையவில்லை. “எல்லாமே பொதுன்னா, நாளைக்குக் கட்டிக்கினு வர்ற பொண்ணு?” என்றாள்.

எனக்கு வாளிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. பொதுசாமி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். “ஐயையோ, அம்மா! கல்யாணம் முடிவாச்சின்னா அன்னிக்கே ஆளை மாடிய வுட்டுத் தொரத்திடுவோம். எங்க மொதல் சட்டமே அதானுங்க.” அப்படி ஒரு சட்டத்தை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அதுவரை எங்களில் யாருக்கும் கல்யாணமே ஆனதில்லை.

அப்போது உள்கதவுப் பக்கமிருந்து சரோஜாவின் குரல் வந்தது. “அப்பா, எல்லாம் பொதுன்றாங்களே, இவருக்குன்னு சொந்தமா இன்னாதான் இருக்குதாம்?”

நியாயமான கேள்வி.  நைந்த காலரைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். இதிலும் தோற்றால் இனி எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று இருந்தது.

பொதுசாமி யோசிக்கவே இல்லை. “சொந்தமா இவருக்குக் கோவம் ஒண்ணுதாம்மா இருந்திச்சு. அதையும் அன்னிக்கு மொத்தமா என்கிட்ட குடுத்துட்டாரு. இப்ப ஆளு பசும்பாலு.”

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. மண்டிக்காரர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “அவ சிரிச்சிட்டா. இனிமே நான் பேச ஒண்ணுமில்ல” என்றார். சித்தி மட்டும் விடவில்லை. “அதெல்லாம் சரி, ஜெயில்ல டெரிலின் குடுக்குறாங்களா, இல்லியா?” என்று பஜ்ஜித் தட்டோடு வந்து கேட்டாள்.

திரும்பும்போது ஒரு மூட்டை மல்லாட்டை கொடுத்து அனுப்பினார்கள். வாசல்படி தாண்டுவதற்குள் பொதுசாமி மூட்டையில் ‘பொ’ போட்டுவிட்டார். பஸ்ஸில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அன்னிக்கு நான் பேசினது...” என்று ஆரம்பித்தேன். “அது என்கிட்ட வந்தாச்சி வாத்தியாரே, திருப்பிக் கேக்காதீங்க” என்று சொல்லி, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. சொன்னபடியே என்னை மாடியைவிட்டுத் துரத்தினார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருக்குத் தெற்கே எங்கோ மாற்றல் வந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடும்பம், தனி வீடு, தனி வாளி என்று கலைந்துபோனோம்.

இப்போதும் பழைய ஆட்கள் யாராவது எதிர்ப்பட்டால் பேச்சு அவரிடம்தான் போகும். கோவிந்தன் ‘என் பொதுசாமி’ என்பான், ஏழுமலை ‘என் பொதுசாமி’ என்பான். அவரவருக்கு ஒரு கதை உண்டு. நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன். ஆனால் எனக்காகத் தம் மானத்தை ஒரு சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்தவர் அவர். எதை வேண்டுமானாலும் பொதுவில் வைக்கிறேன். அவரை மட்டும் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.