அச்சிமுகம்மது குடித்த புகை

அறுபத்திமூன்று வயதில் அச்சிமுகம்மது சமைப்பதென்று முடிவெடுத்தார். அதுவரை அவர் அடுப்படிக்குள் போனதெல்லாம் சுருட்டுப் பற்றவைக்கத்தான்.

வினை டாக்டரிடமிருந்து வந்தது. மனைவி ஹாஜறாவுக்குக் கொஞ்சக் காலமாக மறதி. ஒரே கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டாள். அதையாவது தேங்காய்ப்பால் விட்டுச் சரிக்கட்டலாம். ஒருநாள் தொழுகையில், இது எத்தனையாவது றக்அத் என்று தெரியாமல் நின்ற நிலையிலேயே அழுதுவிட்டாள். நாற்பது வருடமாக ஜன்னலில்லாத அடுப்படியில் தென்னமட்டை ஊதுகிறாள் என்று கேட்டதும், புகை நெஞ்சோடு நிற்காது, வயதுபோனவர்களின் மூளையையும் மெல்ல அரிக்கும், முதலில் ஒரு புகைக்கூடு கட்டுங்கள் என்றார் டாக்டர்.

அச்சிமுகம்மதுக்குத் திக்கென்றது. மனைவியை நினைத்தல்ல. ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்த குர்பான் இறைச்சி, உப்பும் மஞ்சளும் பூசி, மாலை மாலையாக அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வத்தல் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. புகையெல்லாம் கூட்டுக்குள்ளால் வானத்துக்குப் போய்விட்டால், இறைச்சிக்கு எது மிஞ்சும்?

"புகைக்கும் மூளைக்கும் என்னகா சம்பந்தம்? மூணு நாள் நான் சமைக்கன். ஒரு சொல்லு மறந்தா, நானே புகைக்கூடு கட்டித் தாறன்."

ஹாஜறா ஓம் என்றாள். அவ்வளவு சுருக்கமாக அவள் ஓம் சொன்னதே இல்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் கண் போனது. இரண்டாம் நாள் தொண்டை போனது. பானையும் அவரும் ஒரே நிறத்துக்கு வந்தார்கள். ஆனாலும் நேரத்துக்கு நேரம் வெளியே வந்து, இருமலுக்கு நடுவே, பிள்ளைகள் பிறந்த தேதிகளையும் சவளக்கடை வயலின் வரம்புகளையும் பிசகாமல் ஒப்புவித்தார். ஹாஜறா காற்றாட இருந்து பாக்கு வெட்டியபடி தலையாட்டினாள். அவர் களைத்துப்போனார். ஆனால் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் லுஹர் தொழுகைக்கு முன்னால், அலவாங்கும் சாந்துத் தாச்சியுமாக மேசன் நல்லரெத்தினம் வந்து நின்றார். எந்தச் சுவரை உடைக்கவேணும் என்று கேட்டார்.

"ஒங்களை ஆரு வரச் சென்ன?"

"காக்கா, நீங்க சென்னதெண்டுதான் அக்கா ஆள் அனுப்பினா."

"ஓம்," என்றாள் ஹாஜறா. "நேத்து அடுப்பு ஊதக்குள்ள நீங்கதானே சென்னீங்க, நாளைக்கு மேசனைக் கூப்பிடு எண்டு."

"நான் அப்பிடிச் செல்லவே இல்ல."

ஹாஜறா சத்தம் போடவில்லை. மேசன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா தம்பி, மூணே மூணு நாள். நேத்துச் சென்னது இண்டைக்கு மறந்துபோச்சி. எனக்கு நாப்பது வருஷம்."

அச்சிமுகம்மது கணக்குப் பார்த்தார். சொல்லவில்லை என்று நின்றால் மறதி: புகைக்கூடு. சொன்னேன் என்றால், சொன்னபடி புகைக்கூடு. அண்ணாந்து இறைச்சி மாலைகளை ஒருதரம் பார்த்தார். அந்த 'நாப்பது வருஷம்' வேறு, புகையைவிட மோசமாகக் கண்ணைக் கரித்தது.

"ஓம்," என்றார் களைத்த குரலில். "இப்ப நினைவு வருது. சென்னன்தான்."

"அல்ஹம்துலில்லாஹ், மூளைக்கு ஒண்டும் ஆகல்ல," என்றாள் ஹாஜறா. "அப்ப, சீமெந்து காயுமட்டும் நீங்கதான் சமைக்கிற எண்டு சென்னதும் நினைவிரிக்கும்."

அச்சிமுகம்மது ஊதுகுழலைக் கையிலெடுத்தார்.

அதுவும் நினைவிருந்தது.