மூச்சு மேடமும் தண்ணீர்த் தொட்டிக் குளவிகளும்

பெங்களூரில் என்னை அதிகம் நடுங்கவைத்தவர் ரவுடியும் அல்ல, வீட்டுக்காரரும் அல்ல; எங்கள் ஆபீஸ் டெலிபோன் ஆபரேட்டர். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வருவார். வயது நாற்பதுக்கு மேல். போனில் பேசினால் குரல் வெல்லப்பாகு. அதே குரலில் "மூச்சு விடாதீங்க" என்று சொன்னால், எதிரே நிற்பவர் மானேஜராக இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவார். ஏனென்றால் அவர் சட்டைமேல் ஏதோ ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். மேடம் கண்ணில் கேமரா இருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மூச்சு மேடம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. துபாயிலிருந்த அவருடைய அண்ணன் தன் பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் எதுவும் தானாக நடக்காது. வேகம், வெளிச்சம், ஃபோகஸ் எல்லாமே கையால்தான். வேறு யாராக இருந்தாலும் பிறந்தநாள் கேக்கைப் படம் எடுத்திருப்பார்கள். இவர் லென்ஸைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார். அப்படி மாட்டினால் எறும்பு எருமையாகத் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறார். தெரிந்தது. படத்தில்தான் விழவில்லை.

முதல் ரோல் முழுக்க இருட்டு. அடுத்தது முழுக்க வெள்ளை. அதற்கும் அடுத்ததைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், வீட்டில் தீ விபத்து ஏதாவதா என்று அனுதாபமாக விசாரித்தாராம். எல்லாப் படத்திலும் புகைதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்குவார். லென்ஸுக்குள் ஒரு துளை உண்டு. அதைப் பெரிதாகத் திறந்தால் பூச்சியின் கண் மட்டும் தெளிவாக இருக்கும், கால்களெல்லாம் கரைந்துவிடும். சிறிதாக மூடினால் கால்களும் தெளிவாக வரும், ஆனால் வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் வேண்டும். தலைகீழ் லென்ஸில் இன்னொரு வம்பு. துளை தானாக மூடாது, வளையத்தை விரலால் திருப்ப வேண்டும். மூடிய பிறகு பார்த்தால் உள்ளே கும்மிருட்டு. ஆகவே திறந்து வைத்துப் பூச்சியைப் பார்த்து, மூச்சைப் பிடித்து, வளையத்தை மூடி, உடனே அமுக்க வேண்டும். வளையத்தைத் திருப்பும்போது கை ஒரு மயிரிழை நகரும். பூச்சி கணக்கில் அது லிங்கராஜபுரத்திலிருந்து ஓசூர் போவதற்குச் சமம். புகையின் ரகசியம் அதுதான்.

ஃபிளாஷைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவருக்குப் பக்கத்து மேஜைக்காரன் என்பதால் அந்தப் பதவி எனக்கு வந்தது.

ஆபீஸ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. சாயங்காலம் ஆள் வந்து கூட்டை எரித்துவிடுவான் என்று மானேஜர் காலையில் அறிவித்தார். மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டில் மூடியிருந்த சின்னச் சின்ன அறைகளிலிருந்து புதுக் குளவி வெளியே வரும் நேரம் அது. அதைப் படம் எடுக்கத்தான் பல நாளாகக் காத்திருந்தார்.

எனக்குக் குளவி என்றால் உயிர்ப் பிரச்சினை. சின்ன வயதில் ஒன்று கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அதை மேடத்திடம் சொன்னேன். அவர் யோசித்து, ஃபிளாஷை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டினார். நான் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கம்பை மட்டும் வெளியே நீட்டினால் போதும் என்றார். போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

லஞ்ச் நேரம். மேடம் தொட்டிக்கு அடியில் முழங்காலிட்டு, கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்திருந்தார். ஒரு அறையின் வெள்ளை மூடி கிழிய ஆரம்பித்தது. கம்பு கனத்தது, நுனியில் ஃபிளாஷ் ஆடியது. இன்னும் கொஞ்சம் முன்னால் வரச் சொல்லி அவர் விரலை ஆட்டினார். ஒரு அடி வெளியே வைத்தேன். அப்போதுதான் என் காலருக்குள் ஏதோ ஊர்ந்தது.

கம்பைப் போட்டால் கூடே கிளம்பிவிடும். தட்டினால் கொட்டிவிடும். கத்தவும் முடியாது. காதுக்குக் கீழே இறக்கைகள் படபடப்பது கேட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அங்கே மூடி முழுசாகக் கிழிந்து, புதுக் குளவியின் தலை வெளியே வந்தது. மேடத்தின் விரல் வளையத்தில் இருந்தது. ஏன் ஃபிளாஷ் ஆடுகிறது என்று பார்க்கத்தான் திரும்பினார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்தார்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு மெதுவாக எழுந்து வந்தார். எறும்புக்காக மானேஜரையே நிறுத்தியவர், அந்தப் புதுக் குளவியின் தலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை விரலை என் காலருக்குள் நுழைத்து, குளவி அதில் ஏறும்வரை பொறுத்து, வெளியே எடுத்தார். அதற்குள் கீழே யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். கூடு அதிர்ந்தது. மொத்தமும் எழும்பியது. மேடம் என்னை நெஞ்சில் கை வைத்துப் படிக்கட்டுக்குள் தள்ளி, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.

நான் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வெளியே முனகல் மட்டும் கேட்டது. மானேஜர் ஓடிவந்து, என்ன சத்தம் என்று கன்னடத்தில் கேட்டபோதும் நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். இடது கை பன் மாதிரி வீங்கியிருந்தது. அந்தப் படம் போய்விட்டதே என்றேன் நான்.

"குளவி எங்கயும் கெடைக்கும், தம்பி. ஃபிளாஷ் புடிக்க வேற ஆளுக்கு நான் எங்க போறது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் வீட்டு வேலிக்கு வரச் சொன்னார். செம்பருத்தி இலையில் ஒரு பொன்வண்டு. இடது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் வளையத்தைத் திருப்ப முடியவில்லை. ஃபிளாஷைக் கேமரா மேலேயே மாட்டிவிட்டு, "நீங்க மூடுங்க. பூ மாதிரி," என்றார். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, நான் விரலால் மெல்லத் திருப்பினேன். அவர் அமுக்கினார்.

அவர் எடுத்ததிலேயே முதல் தெளிவான படம் அது. வண்டின் கால் முடிகூடத் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு விரல் நுனி, என்னுடையது. அதை வெட்டிவிட்டுப் பெரிதாகப் போட்டுத் தரட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டாராம். வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம் மேடம்.