கமராவுக்கு நாடி பார்த்த பரியாரியார்

"…அதுக்கு ஒரு நோய் வருத்தமுமில்லை, கண் கூசுது, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே கொம்பியூட்டர்த் திரையின் முதுகில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தார் பரியாரியார்.

உலகத்தில் கொம்பியூட்டர் திருத்துகிறவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். அதற்கு நாடி பார்த்துப் பத்தியம் சொல்கிறவர் ஒரேயொருவர்தான். அவர் இருப்பது மருதனார்மடத்தில். அவருடைய பரம்பரையில் யாரும் மருந்து அரைத்ததில்லை. பரியாரியார், அதாவது நாட்டு வைத்தியர், என்பது ஊர் கொடுத்த பட்டம். சொந்தப் பெயரை விசாரித்தால், "பேர் கிடக்கட்டும், வருத்தத்தைச் சொல்லுங்கோ" என்பார்.

என் கொம்பியூட்டர் அடிக்கடி மயங்கி விழுந்த காலத்தில்தான் முதன்முதலாக வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தமுன்னமே கேள்வி.

"எத்தினை நாளாய்? சாப்பிட முன்னமோ, பிறகோ?"

"ஆர், நானோ?"

"நீங்களில்லை அண்ணை, அது!"

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தலையணையை நிரப்பக் காணுமளவு தூசி. "மூச்சு முட்டிப்போய்க் கிடக்கு. மூண்டு நாளைக்குப் படம் காட்டக் கூடாது. கடிதம் அடிக்கலாம். நாலாம் நாள் மெல்லிய பாட்டாய் ஒண்டு குடுத்துப் பாருங்கோ" என்றார். நானும் ஒரு மடையன், அப்படியே செய்தேன். நாலாம் நாள் அது பாடியது!

பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிற ஒரு ரியூட்டரியில் அச்சு யந்திரம் கடதாசியை விழுங்கிவிட்டுத் துப்பமாட்டேன் என்று நின்றதாம். இவர் அதன் வயிற்றைத் தடவிவிட்டு, "மலச்சிக்கல். ஈரக் கடதாசி தீத்தினது ஆர்?" என்று அதட்ட, அதிபரே கையை உயர்த்தினாராம்.

பையில் இரண்டு ஸ்குறூட்றைவர், ஒரு தூரிகை, நாலாய் மடித்த வெள்ளைத் துணி. துணி திரைக்கு மட்டும். தன் நெற்றி வேர்வை கண்ணில் வடிந்தாலும் அதால் துடைக்கமாட்டார். திரையையும் நிறுத்திய பிறகுதான் துடைப்பார். "முழிச்சிருக்கேக்கை முகத்தைத் துடைச்சால் உங்களுக்குக் கோவம் வராதோ?" என்பது அவர் நியாயம். யாராவது ஒளிர்கிற திரையில் விரல் வைத்தால் போச்சு: "கண்ணுக்குள்ளை விரலை விடுறியள்!"

போன வருடம் என் மருமகன், கூடப்பிறந்தவளின் மகன், சேந்தனுக்குப் பொன்னுருக்கு. தாலிக்கான பொன் நாணயத்தை மாப்பிள்ளை வீட்டில் வைத்து நல்ல நேரத்தில் உருக்குகிற சடங்கு. சேந்தனுக்குத் தாய் தகப்பன் இல்லை. தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி அவனை ஆளாக்கியவள் அக்கா வசந்தி. அவள் நோர்வேயில். வயிற்றில் பிள்ளை, பயணம் செய்யக் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

"பொன் உருகிறதையாவது பாக்கவேணும் மாமா. அம்மா நிண்டு பாக்கவேண்டியது" என்றாள்.

கைபேசியில் காட்டலாமே என்றேன். "என்னை உங்கடை உள்ளங்கைக்குள்ளை அடக்கிப் போடாதேங்கோ. எனக்கும் சபையிலை இருக்க ஒரு கதிரை வேணும்!"

ஆகவே என் கொம்பியூட்டரைத் தூக்கி வந்து, திரையைக் கதிரையில் இருத்தி, அதன் தலையில் கமராவைப் பொருத்தினோம். என் மனைவி ஒரு முழம் மல்லிகைச் சரமும் சூட்டிவிட்டாள். வசந்தி திரையில் வந்து சபையில் அமர்ந்துவிட்டாள்.

நெருப்பு நன்றாகத் தெரியட்டும் என்று மனைவி யன்னல்களையெல்லாம் சாத்தினாள். பொன்னுருக்க வந்த ஆசாரியார் சிரட்டைக்கரியை மூட்டி ஊதினார்.

"மாமா, வெள்ளையாய் ஒரு பந்து தெரியுது. பொன் எங்கை?"

வெளிச்சம் போதாதாக்கும் என்று நான் பெரிய ரோச் லைற்றை எடுத்து நெருப்புக்கு நேரே அடித்தேன். "இப்ப பந்து பெருத்திட்டுது மாமா!" என்றாள் வசந்தி. "ரோச்சை எடும் ஐயா, எனக்குக் கண் தெரியேல்லை!" என்று ஆசாரியார் கத்தினார். நல்ல நேரம் முடிய அரை மணித்தியாலம் இருந்தது. பரியாரியாருக்குக் கைபேசியில் அடித்தேன். பத்து நிமிடத்தில் வந்து, புறங்கை வைத்துப் பார்த்து, கண் கூசுகிறது என்று, இந்தக் கதையின் தொடக்கத்தில் நான் எழுதிய அந்தத் தீர்ப்பைச் சொன்னார்.

"இருட்டறையெண்டு கண்டதும் இது கண்ணை அகலத் திறந்திட்டுது. அந்தக் கண்ணுக்கு முன்னாலை அடுப்பைக் கொண்டுபோய் வைச்சிருக்கிறியள். போதாதெண்டு ரோச் வேறை!"

கமராவின் செற்றிங்கைத் திறந்தார். வெளிச்ச அளவைக் காட்டுகிற எக்ஸ்போசர் என்ற இடத்தில் 'ஓட்டோ' என்பதற்கு நேரே இருந்த சரி அடையாளத்தை எடுத்தார். "தானாய் முடிவெடுத்தது காணும், இனி நான் சொல்லுறதைக் கேள்" என்று கமராவுக்குச் சொல்லிவிட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தார். வெள்ளைப் பந்து சுருங்கியது. தணல் சிவந்தது. நடுவில் நாணயம் தெரிந்தது.

"பொன்னைக் கண்டிட்டன்!" என்றாள் வசந்தி. உடனே குரல் இறங்கியது. "தம்பியைக் காணேல்லை."

"பக்கத்திலைதானே நிக்கிறான்."

"கரிச்சட்டி மாதிரி ஒண்டு நிக்குது, அதுவோ?"

"அதேதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. "அவன்ரை முகம் தெரியாமல் எனக்கேன் மாமா பொன்?"

அளவைக் கூட்டினால் பொன் போய்விடும். குறைத்தால் தம்பி போய்விடுவான். ஆசாரியார் ஊதுவதை நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு நிமிடம்.

பரியாரியார் கொம்பியூட்டர் எலியைக் கீழே வைத்தார். எழுந்து போய் யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். காலை வெயில் அறைக்குள் விழுந்தது. "வருத்தம் வீட்டிலை, மருந்து கமராவுக்கோ?" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்து அளவை ஒரு மயிரிழை நகர்த்தினார்.

தணலும் சேந்தனும் ஒரே படத்தில் வந்தார்கள்.

"ஊதுங்கோ ஆசாரியார்!"

நாணயம் விளிம்பில் இளகி, நடுங்கி, ஒரு துளியாய்த் திரண்டது. சேந்தன் பொன்னைப் பார்க்கவில்லை, கதிரையைத்தான் பார்த்தான்.

"மாமா, திரும்பவும் பழுதாப்போச்சு. எல்லாம் மங்கலாய்க் கிடக்கு" என்றாள் வசந்தி, மூக்கை உறிஞ்சியபடி.

நாங்கள் எல்லாரும் பரியாரியாரைப் பார்த்தோம். அவர் எலியைத் தொடவில்லை.

"கமரா நல்ல சுகம். கண்ணைத் துடை பிள்ளை" என்றார். பிறகு கதிரைக்கு முன்னால் முழங்காலிட்டு, நாலாய் மடித்த அந்த வெள்ளைத் துணியை எடுத்து, ஒளிர்ந்துகொண்டிருந்த திரையில், அவள் கன்னம் இருந்த இடத்தை மெல்லத் துடைத்துவிட்டார்.