அலவாங்கில்லாமல் வெட்டப் போன கிணறு

புங்குடுதீவு,
1943 ஆனி

கொழும்பிலே கடை நடத்தும் அன்பு மச்சான் தியாகலிங்கம் அறிய, ஆழ்வாப்பிள்ளை வாத்தியார் எழுதுவது. அம்பாள் கிருபையால் இவ்விடம் உமது அக்காவும் மகள் ஞானசவுந்தரியும் ஆடுமாடுகளும் சுகம். என் புருவங்களைத் தவிர நானும் சுகம். அவ்விடம் உமது சுகத்தையும் கடையின் சுகத்தையும் அறிய ஆவல்.

சண்டை முடியும்வரை கொழும்பிலே ஓர் அலவாங்கு வாங்குவது நடவாத காரியமென்று எழுதியிருந்தீர். உம்மைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் நிலைமையை நீர் அறியவேண்டும். ஞானசவுந்தரிக்குப் பேசிய மாப்பிள்ளை அப்புத்துரையின் தாயார் வேலணையிலிருந்து வந்து, வளவைச் சுற்றிப் பார்த்து, "பொம்பிளைப்பிள்ளை தண்ணிக்கு ஒரு மைல் நடக்க ஏலாது, கிணறு வெட்டினால் ஆவணியிலை கலியாணம்" என்று சொல்லிப் போனா. இந்தத் தீவிலே இரண்டு முழம் தோண்டினால் பாறை. பாறையைக் குத்திப் பெயர்க்க இரும்பு அலவாங்குதான் வேண்டும். ஊரிலிருந்த அலவாங்கெல்லாம் தேய்ந்து மொட்டையாகி, முனை வைத்து அடிக்க இரும்பில்லாமல் கிடக்கின்றன. நல்லதாக இருப்பது ஒன்றே ஒன்று. அது பக்கத்து வளவுப் பார்வதிப்பிள்ளையுடையது. காலஞ்சென்ற அவவின் புருஷன் ஊர்காவற்றுறையில் உடைந்துபோன ஒரு கப்பலின் இரும்பில் அடிப்பித்தது. அவவுக்கும் எங்களுக்கும் எல்லை வேலி காரணமாக நாலு வருஷமாகப் பேச்சில்லை என்பது உமக்குத் தெரியும்.

இந்த நேரம் பார்த்து வாசிகசாலையில் என்னைப் பேசக் கேட்டார்கள். நானும் புத்தகங்களைப் படித்து, ஆதி மனிதன் உலோகத்தைக் கண்டுபிடித்த வரலாற்றைப் பேசினேன். கல் எல்லாருக்கும் கிடைத்தது, ஆகையால் கல்லாயுதக் காலத்திலே பெரியவன் சின்னவன் அதிகமில்லை. செம்பு சில இடங்களில்தான் கிடைத்தது, அதைத் தேடி மனிதன் ஓடம் ஏறினான், பண்டமாற்றுச் செய்தான், பிறகு இரும்பு வந்து காட்டை வெட்டி நிலத்தை உழுது ஊர்களைப் பெருப்பித்தது, உலோகம் வைத்திருந்தவன் தலைவனானான் என்றெல்லாம் விளக்கினேன். பெண்கள் பக்கமிருந்து பார்வதிப்பிள்ளை எழுந்தா.

"அப்ப வாத்தியார், இரும்பு வைச்சிருக்கிறவை இல்லாதவைக்குக் குடுக்காட்டில்?"

"இல்லாதவை அவைக்குக் கீழ்ப்படிவினம்" என்றேன் பெருமையாக.

"ஓம்" என்று சொல்லி இருந்துவிட்டா.

மறுநாளிலிருந்து அலவாங்கு கேட்டுப் போனவர்களெல்லாம் அவவின் வேலியை அடைத்தார்கள், கூரையை வேய்ந்தார்கள், மீன் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் கிணறு வெட்டும் சரவணமுத்துவை அனுப்பிக் கேட்டதற்கு, வேலியை ஒரு முழம் என் பக்கமாகத் தள்ளிப் போட்டால் தரலாமென்று மறுமொழி வந்தது. அது ஏலாதென்று நானும் சொல்லியனுப்பினேன். நான் கற்பித்த பாடத்தை என்மேலேயே நடத்திக் காட்டினால் எந்த வாத்தியாருக்குப் பொறுக்கும்?

அப்போதுதான் அந்தப் புத்தகங்களில் ஒன்றிலே வேறொரு சங்கதி கண்டேன். ஆதி மனிதர் பாறையின்மேல் நெருப்பு மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி வெடிக்கச் செய்து செம்பு எடுத்தார்களாம். இரும்பே தேவையில்லை. உமது அக்கா, "எங்கடை கல்லு அந்தக் கல்லோ?" என்று கேட்டா. கல் எல்லாம் கல்தான் என்றேன். பாறை தெரியும்வரை மண்ணைத் தோண்டிவிட்டு, அந்தக் குழி நிறையப் பனைமட்டையும் தென்னம் மட்டையும் அடுக்கி ஒரு பகல் முழுவதும் எரித்து, பின்னேரம் நானும் சரவணமுத்துவும் குழிக்கரையில் நின்று உப்புத்தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். பாறை வெடித்தது. நான் சந்தோஷத்தில் குனிந்து பார்த்தேன். மச்சான், எங்கள் தீவின் கல் சுண்ணாம்புக் கல். அதைச் சுட்டால் சுண்ணாம்பு, அதில் தண்ணீர் விட்டால் கொதிக்கும். தினமும் வெற்றிலை போடுகிற எனக்கு இது தெரியாததல்ல, அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. குழி பொங்கிச் சீறி என் முகத்தில் அடித்துப் புருவங்களைக் கொண்டுபோனது. கண் இரண்டும் எரிந்து மூடிக்கொண்டன. மகளை மணவறையில் பார்க்கமாட்டேனோ என்ற ஒரு நினைவுதான் அப்போது இருந்தது. சரவணமுத்து கத்துவது கேட்டது. பிறகு வேலிக் கதியால்கள் முறிவது கேட்டது. யாரோ என்னைப் பிடித்து நிலத்தில் இருத்தி, கண்ணை விரித்துத் தண்ணீரை ஊற்றினார்கள். குளிர்ந்த நல்ல தண்ணீர். ஒரு குடம், பிறகும் ஒரு குடம்.

"கண் தெரியுதோ, வாத்தியார்?"

பார்வதிப்பிள்ளையின் குரல். தன் வீட்டிலே அன்றைக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் என் முகத்தில் கொட்டியிருந்தா.

"மங்கலாத் தெரியுது."

"அலவாங்கை இன்னொருக்கால் கேட்டிருக்கலாமே?"

"நீர் வேலியைத் தள்ளச் சொன்னீர்."

"இப்ப வேலி எங்கை எண்டு பாருங்கோ."

பார்த்தேன். மாடு இரண்டு சோடி போகக்கூடிய அளவுக்கு அதைப் பிய்த்துக்கொண்டுதான் வந்திருந்தா. உமது அக்கா அழுதுகொண்டே அவவுக்குத் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போய், வீட்டிலும் தண்ணீரில்லையென்று திரும்பி வந்தா.

மறுநாள் விடிய அவவே அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, குழிக்கரையில் நின்று சரவணமுத்துவை ஏவினா. கூலி ஒன்றும் கேட்கவில்லை. வாசிகசாலையில் நான் சொன்னதைத் திருத்தவேண்டும். இரும்பு வைத்திருப்பவர் தாமாகவே அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன நடக்குமென்று நான் படித்த புத்தகத்தில் இல்லை. நேற்று ஊற்றுக் கண்டது. நல்ல தண்ணீர், மச்சான். ஞானசவுந்தரி முதல் வாளியை இழுத்து, பார்வதிப்பிள்ளைக்குத்தான் முதலில் வார்த்துக் கொடுத்தாள்.

ஆகையால் ஆவணிக் கலியாணத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு முன்னதாகவே வாரும். கண்ணகை அம்மன் உமக்கு ஒரு குறையும் வையாள்.

இப்படிக்கு,
உமது அன்புள்ள மைத்துனர்
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுமுன் வேலணையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அப்புத்துரைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் உத்தியோகமாம். கலியாணம் முடிந்த கையோடு பிள்ளையையும் அங்கே கூட்டிப்போகிறாராம். வீட்டுக்குள்ளேயே இரும்புக் குழாயில் தண்ணீர் வருமாம், கிணற்றுக்கு இனி அவசரமில்லையாம். உமது அக்கா இதைக் கேட்டதிலிருந்து கிணற்றடியை விட்டு எழும்பவில்லை. பார்வதிப்பிள்ளை இரண்டு குடத்துடன் வந்து பக்கத்தில் இருந்து, "பிள்ளை போனால் என்ன அக்கா, விடியப்புறம் தண்ணி அள்ள நான் வருவன்தானே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறா.