உள்ளே நல்ல சேதி மட்டும்

"நாளைக்கு முதல் ஓவர் யார் போடறது?" என்று உடை மாற்றும் அறையில் கேப்டன் கேட்டார்.

வெளியே விடாத மழை. காலையிலிருந்து பயிற்சி இல்லாமல் அணி முழுக்க அந்த அறையிலேயே அடைந்து கிடந்தது. மலை என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான வேகப்பந்து வீச்சாளன் கேப்டனுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். அப்புறம் விக்கெட் கீப்பரைப் பார்த்தான். கீப்பர் லேசாகத் தலையசைத்த பிறகுதான், "நான் போடறேன்" என்றான்.

கேப்டனுக்குச் சுருக்கென்றது. நாட்டின் அணி தோற்றுத் தோற்று ஜனங்களுக்குத் திட்டவே அலுத்துப்போயிருந்த நேரம். நாளைக்கும் தோற்றால் தன் தலைமைப் பதவி அம்பேல் என்று அவருக்குத் தெரியும். இந்தத் தோல்விகளை நிறுத்தத்தான் போன மாதம் சட்டம் ஒன்று போட்டிருந்தார். இந்த அறைக்குள் கெட்ட சேதி பேசவே கூடாது. நல்லதை மட்டும்தான் பேசணும். போனில் செய்தி பார்ப்பதும் கூடாது. மீறினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதுதான். மனசு மாறினால் ஆட்டம் மாறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார், புண்ணியவான். ஆட்டம் மாறவில்லை, இன்றைக்குப் பையன்கள்தான் ஒரு தினுசாக மாறியிருந்தார்கள்.

சத்தம் போட்டுப் பார்த்தார். அத்தனை பேரும் ஒன்றுபோலப் புன்னகைத்தார்கள். அதற்கு அவர்கள் முறைத்திருந்தாலே தேவலை.

சரி, அன்பாகப் போவோம் என்று சுழற்பந்துப் பையனின் தோளில் கை போட்டார். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மறக்கவே மாட்டேண்ணே" என்று கண் கலங்கினான்.

கீப்பர் மெல்லக் கிட்டே வந்தான். "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்களேன். காத்தாட நிப்போம்."

கொட்டுகிற மழையில் என்ன காற்று? கேப்டன் மறுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மலை வந்து அதே குரலில் வெளியே கூப்பிட்டான். அப்புறம் பயிற்சியாளரும் வந்து கூப்பிட்டார். கேப்டன் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, தன்னைப் பற்றி மனசில் இருப்பதை ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"நல்ல மனுஷனா இருந்தாரு" என்றான் மலை.

யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று கீப்பர் தரையைப் பார்த்துச் சொன்னான். பயிற்சியாளர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தான் செத்துப்போய்விட்டோமோ என்று கேப்டனுக்குச் சந்தேகம் வந்தது. மடியில் கிடந்த துண்டுக்கடியில் தொடையைக் கிள்ளினார். வலித்தது. ஆனால் செத்தவனுக்கு வலிக்காது என்று யார் திரும்பி வந்து சொன்னார்கள்? கண்ணாடியில் முகம் தெரிந்தது, அதுவும் வெளிறிப்போய். மனைவிக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்கீங்க? ரூமுக்கு உள்ளயா, வெளியயா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"உள்ளதான்."

"அப்ப எல்லாரும் நல்லாருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அழுதமாதிரி இருந்தது.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அறை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தது. வராந்தாவில் இஸ்திரி போடும் அக்கா வீரர்களின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. நான் உயிரோடதான் இருக்கேனா?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் கதவை நன்றாகச் சாத்தினாள்.

"உசுருக்கு என்ன தம்பி, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க. கேப்டன் பதவிதான் காலையிலயே போயிடுச்சு. நீங்க ஒரு எட்டு வெளிய வந்தா சொல்லிடலாம்னு உள்ள அத்தனை பேரும் தவம் கிடக்கறாங்க!"