ஒரு குட்டி வார்த்தைக்கு எட்டு ஜன்னல்

"மச்சான், மணி மூணாச்சு. நாலு மணிக்குள்ள கடிதம் போகலைன்னா வேலை அடுத்தவனுக்குப் போயிடும்!"

பெயிண்டர் கெஞ்சினார். இரண்டு மாதமாக அவருடைய பிரஷ் நனையவில்லை. துணிக்கடை முழுக்க பெயிண்ட் அடிக்க என்ன செலவாகும் என்று இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லியிருந்தார் கடை முதலாளி. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் மனைவியின் தம்பிதான்.

அவன் பேனா மூடியைக் கடித்தபடி விட்டத்தைப் பார்த்தான்.

"அவசரப்படாதீங்க மாமா. 'காஸ்ட்'னு எழுதிட்டேன். அடுத்து 'ஆஃப்' வருமா, 'ஃபார்' வருமா? அதுலதான் நம்ம மானமே இருக்கு."

பெயிண்டருக்கு மெய்சிலிர்த்தது. மூன்றாம் மாடிச் சாரத்தில் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர். ஒரு துளி வார்த்தைக்கு இப்படி நடுங்குகிற படிப்பை அவர் கண்டதே இல்லை.

"எதைப் போட்டாலும் இடிக்குது," என்றான் மச்சான். "ஜன்னலெல்லாம் இலவசம்னு எழுதிடறேன். அதுக்கு இந்த வம்பே வேண்டாம்."

"எட்டு ஜன்னல் மச்சான்!"

"மானம் பெரிசா, ஜன்னல் பெரிசா?"

மானம்தான் பெரிசு என்று பெயிண்டருக்கும் பட்டது. அதே வழியில் கதவுகள் போயின. படிக்கட்டுக் கைப்பிடியும் போனது.

"டேய், சுவருக்காவது காசு கேளுடா!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"சுவர்லயும் அதே சிக்கல்தான்க்கா."

தொகை வரவேண்டிய வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் முதலாளியின் உடல்நலத்தை விசாரித்து ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

பெயிண்டர் இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டார். ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் என்ன கம்பீரம்! கண்ணே கலங்கியது. வேலை கிடைத்தால் மனைவியின் வளையலை விற்றுத்தான் பெயிண்ட் வாங்க வேண்டும். அப்படியும் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை கடை வாட்ச்மேன் வாசலில் நின்றார்.

"வேலை உங்களுக்குத்தாண்ணே. முதலாளி கடிதத்தை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. ஆளே மலைச்சுப் போயிட்டாரு. 'இவ்வளவு படிச்சவங்ககிட்டப் பேரம் பேசினா நமக்குத்தான் அசிங்கம், கேட்ட தொகையை அப்படியே குடுத்துட்டு வா'ன்னு பணத்தைக் குடுத்து அனுப்பிச்சாரு."

பெயிண்டர் இரண்டு கையையும் நீட்டினார். வாட்ச்மேன் பையைத் திறந்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு கேட்டிருக்கீங்கன்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்கண்ணே."